பழைய தோட்டக்கலைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வேளாண் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் சுமார் 1890 முதல் 1925 வரை எடுக்கப்பட்ட தோட்டக்கலைப் படங்களை நண்பர்களுக்குக் காட்டும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

தோட்டம் போடுறதுக்கு எதுக்குங்க காலேஜ்? அந்தக் காலத்துலயே இது ஒரு பாடமா இருந்துச்சா?

இருந்தது, ஆனால் அப்போதுதான் தனிப் பாடமாகத் தலையெடுத்துக்கொண்டிருந்தது. 1862-இல் வந்த மாரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து வேளாண் கல்லூரிகள் நடத்த வழி செய்தது. 1887-இல் வந்த ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களுக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் ஒதுக்கியது. பணம் வந்தபின் பழம், காய்கறி, பூ ஆகியவற்றுக்குத் தனி ஆசிரியர், தனிக் கண்ணாடிக்குடில், தனி ஆய்வுக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இதில் முக்கியமான பெயர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. மிச்சிகன் மாநிலத்தில் பழத்தோட்டக்காரர் வீட்டில் 1858-இல் பிறந்தவர். மிச்சிகன் வேளாண் கல்லூரியில் 1885-இல் தோட்டக்கலைப் பேராசிரியரானார். தோட்டக்கலைக்கென்றே அங்கு ஓர் ஆய்வுக்கூடக் கட்டடம் எழுப்ப வைத்தார். அது முடிந்த 1888-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1903 முதல் 1913 வரை அங்கே வேளாண் கல்லூரியின் தலைவர். செடி என்றால் தாவரவியல் அறிஞர்கள் காட்டுச் செடியைப் பார்த்தார்கள், தோட்டக்காரர்கள் விளைச்சலைப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அவர். கேமராவைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர்களிலும் அவர் முன்னவர். தானே படமும் எடுத்தார்.

ஒரு முட்டைக்கோசை அப்படி என்னத்துக்குப் படம் எடுத்து வச்சிருக்காங்க? அழகுக்கா?

அழகுக்காக இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது: இவை வேலைக்காக எடுத்த படங்கள். ஒரு ரகம் எப்படி இருக்கும், நோய் தாக்கிய இலை எப்படி இருக்கும், கவாத்து செய்த மரமும் செய்யாத மரமும் எப்படி வேறுபடும் என்று பதிவு செய்யத்தான் கேமரா. படம் மூன்று இடங்களுக்குப் போகும். ஒன்று, விவசாயிகளுக்கு அனுப்பும் சிறு வெளியீடு. இரண்டு, வகுப்பறைத் திரை. மூன்று, ஆராய்ச்சியாளரின் கோப்பு.

எழுத்தோடு சேர்த்தே புகைப்படத்தையும் அச்சிட உதவும் புள்ளி அச்சுமுறை 1890-களில் பரவலானது. அதுவரை மரக்கட்டையில் செதுக்கிய படம்தான். செதுக்குபவர் இலையைக் கொஞ்சம் திருத்தி அழகாக்கிவிடுவார். நாற்று நிறுவனங்களின் விலைப்பட்டியலில் பழங்கள் எல்லாம் பூசணி அளவுக்கு இருந்த காலம் அது. படத்துக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இதுதான் உண்மையான அளவு என்று காட்ட முடிந்தது பெரிய விஷயம்.

கோட்டு, டை, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு ஒட்டுக்கட்டுறாங்களே, நிஜமாவே வேலை செஞ்சாங்களா?

செய்தார்கள். ஆனால் படம் எடுக்கும் நாளன்று உடுத்திக்கொண்டு வந்தார்கள். கல்லூரிக்கு டையோடு போவதும் அன்றைக்குச் சாதாரணம். குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும்போது உள்ளே மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் வேர்த்துண்டில் ஒட்டுக்குச்சியைச் செருகி நூல் சுற்றும் வகுப்புகள் நடந்தன. பழத்தை ரகம் பிரித்து மதிப்பெண் போடுவது, பீப்பாயில் அடுக்குவது, மண்ணைக் கலந்து தொட்டி நிரப்புவது எல்லாமே பாடம்தான்.

அப்புறம், உள்ளே எடுக்கும் படத்துக்குச் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். கத்தியைக் கையில் பிடித்தபடி பத்து பேர் சிலையாக நிற்பது அதனால்தான். வேலை உண்மை, அந்தக் கணம் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. கண்ணாடிக்குடிலில் எடுத்த படங்கள் கொஞ்சம் இயல்பாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கே வெளிச்சம் தாராளம்.

கண்ணாடித் தகடுன்னு சொல்றீங்களே, படம் கண்ணாடியிலயா இருக்கும்?

ஆமாம். ஒளி உணரும் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசியிருப்பார்கள். அதில் விழும் படம் நெகட்டிவ். அதிலிருந்து தாளில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம்.

வகுப்பறைக்கு வேறொரு கண்ணாடி உண்டு, அது விளக்கொளி பாய்ச்சித் திரையில் பெரிதாகக் காட்டும் லாந்தர் ஸ்லைடு. பாசிட்டிவ் படத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஓரத்தில் தாள் நாடா ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் அதன் அளவு மூன்றேகால் அங்குலத்துக்கு நான்கு, பிரிட்டனில் நான்கு பக்கமும் மூன்றேகால். ஒரு மூலையில் சின்னப் பொட்டு இருக்கும். படம் நேராகத் தெரியும்படி கையில் பிடித்தால் பொட்டு இடது கீழ் மூலையில் வர வேண்டும். இருட்டறையில் ஸ்லைடை மாற்றுபவர் தடவிப் பார்த்தே சரியாகச் செருக அது உதவியது. இன்றைக்கு அதே பொட்டு, ஸ்கேன் செய்யும்போது படம் இடவலம் மாறிவிட்டதா என்று பார்க்க நமக்கு உதவுகிறது. பொட்டு இல்லாத நெகட்டிவ் என்றால் கரும்பலகை எழுத்தையோ ஆண்களின் கோட்டுப் பொத்தானையோ பாருங்கள்.

ஆப்பிள் ஏன் கரிக்கட்டை மாதிரி இருக்கு? அழுகிப்போச்சா?

இல்லை, நல்ல சிவப்பு ஆப்பிள்தான். அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. மிகப் பழைய தகடுகள் நீலத்தை மட்டுமே நன்றாக உணரும். பிறகு வந்தவை பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை அப்போதும் விட்டுவிட்டன. அதனால் சிவப்புப் பழம் கருப்பாகவும், நீலப் பூ வெளுத்தும், வானம் வெறும் வெள்ளையாகவும் வரும். எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் 1906 வாக்கில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. எல்லோரும் உடனே அவற்றுக்கு மாறிவிடவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கின்கீழ் வேலை பார்க்கும் வசதியும் அவற்றால் போய்விடும்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு மூன்று பதில்களுக்கு இது தேவைப்படும்.

பழத்துக்கு நிறம்தானே முக்கியம்? கலர் இல்லாம எப்படிப் பாடம் நடத்தினாங்க?

ஓவியர்களை வைத்து. அமெரிக்க வேளாண் துறை 1886 முதல் 1942 வரை பழங்களை நீர்வண்ணத்தில் வரைய வைத்தது. சுமார் 7,500 ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. டெபோரா கிரிஸ்கம் பாஸ்மோர் என்ற ஒருவர் மட்டும் 1,500 அளவில் வரைந்தார். வெட்டிய பழம், விதை, புழு துளைத்த இடம், சேமிப்பில் வந்த கறை என எல்லாமே அதில் இருக்கும். லாந்தர் ஸ்லைடுகளில் கையாலேயே வண்ணம் பூசுவதும் வழக்கம். பூசியவர் செடியை நேரில் பார்த்தவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அந்த நிறத்துக்குப் பொறுப்பில்லை.

1907-இல் லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடு வந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களுக்கு மூன்று நிறம் ஏற்றிக் கண்ணாடியில் பரப்பி, அதன் வழியே படம் பிடிக்கும் முறை. நிறம் அற்புதமாக இருக்கும். விலை அதிகம், அசையாமல் வெகுநேரம் வைக்க வேண்டும், பிரதி எடுப்பது சிரமம். அன்றாட ஆராய்ச்சிக்குக் கருப்பு வெள்ளையே தொடர்ந்தது.

ரெண்டு பாத்தியைப் பக்கத்துல பக்கத்துல காட்டுற படம் இருக்கே, அதை அப்படியே நம்பலாமா?

படத்தை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், கூடவே வந்த வெளியீட்டையும் படியுங்கள். ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். கார்னெலில் பெய்லி கண்ணாடிக்குடிலின் ஒரு பகுதிக்கு இரவில் மின்வில் விளக்கு (இரு கரித்தண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு) போட்டார், இன்னொரு பகுதியை இருட்டாகவே விட்டார். 1891-இல் முடிவுகளை வெளியிட்டார். லெட்யூஸ் கீரை வெளிச்சத்தில் சீக்கிரம் விற்பனைக்குத் தயாரானது. ஸ்பினாச் என்ற கீரை இலை விடுவதை விட்டுவிட்டு விதைக்குப் போய்விட்டது. மூடியில்லாத விளக்குக்குக் கிட்டே இருந்த செடிகள் கருகின, கண்ணாடி மூடி போட்டதும் அந்தப் பாதிப்பு குறைந்தது. லெட்யூஸ் படத்தை மட்டும் பார்த்தால் மின்விளக்கு வரம் என்று தோன்றும். ஸ்பினாச் படத்தை மட்டும் பார்த்தால் சாபம்.

ஸ்பினாச் ஏன் அப்படிச் செய்தது என்ற விளக்கம் வர 1920 ஆனது. வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் மேரிலாந்து மாமத் என்ற புகையிலையை ஆராய்ந்தார்கள். கோடையில் வளர்ந்துகொண்டே போகுமே தவிர பூக்காது. செடிகளைத் தினமும் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்தார்கள், பூத்துவிட்டது. பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது அப்போதுதான். ஸ்பினாச் அதற்கு நேரெதிர், நீண்ட பகலில்தான் பூத்தண்டு விடும். பெய்லியின் இரவு விளக்கு அதற்கு நீண்ட பகலாகிவிட்டது. அவர் காலத்தில் காரணம் தெரியாவிட்டாலும், பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி வைத்திருந்தார். இந்தக் காலப் படங்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு முக்கியக் காரணம் இது.

மருந்து அடிக்கிற படத்துல முகத்துல ஒரு துணி கூட இல்லையே?

ஆமாம், பார்க்கவே மனம் பதறும். குதிரை வண்டியில் பீப்பாய், ஒருவர் கையால் பம்பு அடிப்பார், இன்னொருவர் மூங்கில் முனையிலிருந்து தெளிப்பார். அடித்தது பெரும்பாலும் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். அது பரவாயில்லை. கூடவே புழுவுக்காக ஈய ஆர்சனேட் சேர்த்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த விஷம் அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்க 1892-இல் தயாரானது. 1940-களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வரும்வரை ஆப்பிள் தோட்டங்களின் முக்கிய மருந்து அதுதான். முழுத் தடை 1988-இல்தான் வந்தது. பல பழைய தோட்டங்களின் மேல்மண்ணில் அந்த ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் கிடக்கின்றன. வீடு கட்ட நிலம் வாங்குகிறவர்கள் அங்கே மண்ணைச் சோதிக்கிறார்கள். பழைய தெளிப்புப் படங்கள் எந்தத் தோட்டத்தில் இது அடிக்கப்பட்டது என்பதற்கு இன்றைக்கும் ஒரு தடயம்.

பொம்பளைங்க படிச்சாங்களா? படத்துல ஒருத்தர் ரெண்டு பேர்தான் தெரியிறாங்க.

படித்தார்கள், கற்பித்தார்கள். கார்னெலில் இயற்கைப் பாடத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1899-இல் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு வந்ததால் விரிவுரையாளர் என்று பதவியைக் குறைத்துவிட்டார்கள். 1913-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. பெண்களுக்கென்றே தனிப் பள்ளிகளும் உண்டு. பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் 1910-இல் ஜேன் போன் ஹெய்ன்ஸ் நிறுவியது அதில் ஒன்று. இங்கிலாந்தில் ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி 1889-இல் ஆண்களுக்காகத் தொடங்கி, 1891 முதல் பெண்களைச் சேர்த்து, பின்னர் முழுக்கப் பெண்கள் கல்லூரியாகவே ஆனது. அங்கு படித்த இருவரை லண்டனின் கியூ தோட்டம் 1896-இல் வேலைக்குச் சேர்த்தபோது, ஆண்களைப் போலவே கால்சட்டை போட வேண்டும் என்று விதித்தது.

கருப்பின மாணவர்கள் படங்களும் பார்த்தேன். அது எந்தக் காலேஜ்?

பெரும்பாலும் அலபாமாவின் டஸ்கீகி அல்லது வர்ஜினியாவின் ஹாம்ப்டன். இரண்டையும் படம் எடுத்தவர் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற பெண் புகைப்படக்காரர். ஹாம்ப்டன் படங்கள் 1899 இறுதியிலும் 1900 தொடக்கத்திலும் எடுக்கப்பட்டு, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. டஸ்கீகிக்கு அவர் 1902-இலும் 1906-இலும் போனார்.

டஸ்கீகியில் வேளாண் துறைக்கு 1896-இல் வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்தவர், ஓவியம் படிக்கக் கல்லூரிக்குப் போனவர். அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட், அயோவா வேளாண் கல்லூரியின் தோட்டக்கலைப் பேராசிரியர் ஒருவரின் மகள். எட்டா பட் சொல்லித்தான் கார்வர் செடிகளின் பக்கம் திரும்பினார். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுடன் கார்வர் நிற்கும் ஜான்ஸ்டனின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். மேலே சொன்ன ஹாட்ச் சட்டப் பணம் ஆண்டுக்கு 15,000 டாலர், அலபாமாவில் அது வெள்ளையர்களின் கல்லூரிக்குப் போனது. டஸ்கீகி நிலையத்துக்கு 1897-இல் மாநிலம் ஒதுக்கியது 1,500 டாலர். அந்தப் பணத்தில் கார்வர் நிலக்கடலை, காராமணி, சர்க்கரைவள்ளி என்று ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் பயிர்களை ஆராய்ந்து 44 வெளியீடுகள் எழுதினார். கல்லூரிக்கு வர முடியாதவர்களுக்காக 1906-இல் ஜெஸப் வண்டி என்ற நடமாடும் பள்ளியைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஜான்ஸ்டனின் படங்கள் நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்கும் பயன்பட்டவை, எனவே எல்லாம் ஒழுங்காக, சுத்தமாக அமைத்து எடுக்கப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்தில் ஒரு பங்கு பணத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

படத்துல ஓரமா மண்வெட்டியோட ஒருத்தர் நிக்கிறாரே, அவர் பேரு எங்கயும் இல்லையே?

இல்லைதான். குறிப்பில் ரகத்தின் பெயர் இருக்கும், பேராசிரியர் பெயர் இருக்கும், செடியை வளர்த்தவர் பெயர் இருக்காது. சில நேரம் அவரை அளவு காட்டவே நிறுத்தியிருப்பார்கள். சீனாவில் 1905 முதல் 1918 வரை வேளாண் துறைக்காகச் செடி தேடிய ஃபிராங்க் மேயரின் படங்களிலும் மரத்தடியில் ஓர் ஆள் நிற்பதைப் பார்க்கலாம். அந்த ஆள் யார் என்று தேட வழி உண்டு: சம்பளப் பதிவேடு, கல்லூரி ஆண்டறிக்கை, உள்ளூர்ச் செய்தித்தாள். ஒரு பெயர் கிடைத்தால் படத்தை வைத்திருக்கும் காப்பகத்துக்கு எழுதுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள்.

தேதி போடாத படம் எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தகட்டின் அளவு, பின்னணிக் கட்டடம், உடை எல்லாம் உதவும். தோட்டக்கலைப் படத்தில் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது, ரகத்தின் பெயர். குறிப்பில் கோல்டன் டெலிஷியஸ் என்று இருந்தால் அது 1914-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஸ்டார்க் நாற்று நிறுவனம் அந்த மரத்தை வாங்கிப் பெயர் சூட்டியதே அப்போதுதான். ஹேடன் மாம்பழம் என்றால் 1910-க்குப் பின். ஆனால் குறிப்பு படத்தோடு எழுதியதா, முப்பது ஆண்டு கழித்து யாரோ எழுதியதா என்று கையெழுத்தையும் மையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழிஞ்சுபோன ரகத்தைப் பழைய படம் வச்சு அடையாளம் காண முடியுமா?

உருவம், காம்புக் குழி, விதையறை வரை ஒப்பிடலாம், நிறத்தை ஒப்பிட முடியாது. காரணம் கருப்பு ஆப்பிள் பதிலில் இருக்கிறது. அதனால் படத்தோடு நீர்வண்ண ஓவியத்தையும் எழுத்து வர்ணனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நியூயார்க்கின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையம் 1905-இல் ஆப்பிள்களுக்கென இரண்டு தொகுதிகள் வெளியிட்டது, தொகுத்தவர் பீச். பழைய ஆப்பிள் தேடுபவர்கள் இன்றும் அதைத்தான் விரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நமக்குப் பழக்கமான ஒரு பழமே உதாரணம். வேளாண் துறை 1889-இல் இந்தியாவிலிருந்து மாங்கன்றுகள் வரவழைத்தது. ஃபுளோரிடாவில் பிழைத்துக் காய்த்த மரம் முல்கோபா. அதன் விதையிலிருந்து வந்ததுதான் ஹேடன். பெயர் நம் மல்கோவாவேதான். ஆனால் அந்த மரமும் சேலத்து மல்கோவாவும் ஒரே ரகம் என்று பெயரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. கன்றுகள் பயணத்தில் மாறும், சீட்டுகள் இன்னும் சுலபமாக மாறும்.

இதுல நம்ம ஊர் தொடர்பு ஏதாவது உண்டா?

மாம்பழத்தைத் தவிர ஓர் ஆளும் உண்டு. தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவரான ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1940-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்துக்கும், 1945-இல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்துக்கும் போனார். விஸ்லியில் அவர் ஆராய்ந்த மாக்னோலியாவில் ஒரு ரகத்துக்கு அவர் பெயரே இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியும் இதே காலத்தது. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய பள்ளி 1906-இல் அங்கே போனது.

ஏஐ வச்சுக் கலர் பண்ணிப் போடலாமா?

உங்கள் சுவரில் மாட்ட வேண்டுமானால் சரி. தகவலாகப் பகிர வேண்டாம். சிவப்பும் கரும்பச்சையும் ஒரே கருப்பாகப் பதிந்த தகட்டில் எந்த மென்பொருளும் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ரகத்தை நிறத்தால் அறிகிற துறையில் அந்த ஊகம் நாளைக்கு யாரோ ஒருவருக்குத் தவறான சான்றாகிவிடும்.

இந்தப் படங்களை என் கட்டுரையில பயன்படுத்தலாமா?

அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் தாண்டியவை பொதுவுடைமை. வெளியாகாமல் பெட்டியிலேயே கிடந்த படத்துக்கு வேறு கணக்கு. எடுத்தவர் தெரிந்தால் அவர் இறந்து 70 ஆண்டுகள், தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டுகள். ஜான்ஸ்டனின் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, தரவிறக்கிக்கொள்ளலாம். உரிமை முடிந்திருந்தாலும் படம் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள். அடுத்து தேடுபவர் மூலத்துக்குப் போக அது ஒன்றே வழி.

எங்க தாத்தா பெட்டியில பழைய நெகட்டிவ் இருக்கு. துடைச்சு வைக்கலாமா?

தண்ணீரோ ஈரத்துணியோ படவே கூடாது. ஜெலட்டின் ஊறி உரிந்து வந்துவிடும். கண்ணாடித் தகடு என்றால் ஓரத்தை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் மடித்து, நீளமான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். பழைய உறையில் எழுத்து இருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கண்ணாடியாக இல்லாமல் வளையும் பிலிமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1950-க்கு முந்தையதில் நைட்ரேட் பிலிம் இருக்கலாம். அது சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். மஞ்சளாகி, பிசுபிசுத்து, காரமான நெடி அடித்தால் பரணிலோ மூடிய இரும்புப் பெட்டியிலோ வைக்காமல் குளிர்ந்த, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டு, அருகில் உள்ள ஆவணக் காப்பகத்தையோ அருங்காட்சியகத்தையோ கேளுங்கள். அதை ஸ்கேனரில் வைத்துச் சூடேற்றும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.